பத்து ரூமிலும் ஆள்

ஓசூரில் பன்னிரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. ஒருநாள் காலையில் போனபோது கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதோடு முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில் பயோடேட்டாவைத் தூசு தட்டி எழுதுவதில் உள்ள அவமானம் அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஓசூர் வீட்டைக் காலி செய்தோம். மனைவியும் மகளும் சேலத்தில் என் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். மகளுக்கு அங்கேயே ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. நான் மட்டும் ஏற்காட்டுக்கு ஏறினேன். சித்தப்பா முறையாகிற ஒருவருக்கு அங்கே ஒரு லாட்ஜ் இருந்தது. ஏரி, கடைவீதி எல்லாவற்றையும் தாண்டி, செம்மநத்தம் போகிற ரோட்டில் தனியாக நிற்கும் பத்து ரூம் கட்டடம். ஆடி தொடங்கி மழைக்காலம் முடியும்வரை யாரும் வரமாட்டார்கள். அந்த நாட்களில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. "சும்மா இருந்து தேடறதுக்கு இங்க இருந்துகிட்டே தேடு சாமி" என்றார். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? சரி என்றேன்.

கிளம்பும்போது மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தீபாவளி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள கெடைக்கலைன்னா எறங்கி வந்துருங்க. எங்கண்ணன் கடையில உக்காந்தாலும் சரி, மூணு பேரும் ஒரே ஊட்ல இருக்கணும்." அவளுடைய அண்ணனுக்கு இரும்புக் கடை. மச்சினன் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுப்பதைவிட மலையில் குளிரில் விறைப்பது மேல் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு வீறாப்பு அதிகம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை.

லாட்ஜுக்குள் போனில் சிக்னல் நிற்காது. செம்மநத்தம் பக்கமாக அரை கிலோமீட்டர் நடந்தால் ஒரு வளைவு வரும். அங்கே சில்வர் ஓக் மரங்கள் விட்டுக்கொடுத்த ஒரு இடைவெளியில் சேலம் தெரியும், சிக்னலும் வரும். தினமும் இரண்டு முறை அங்கே போய் நின்று விண்ணப்பம் அனுப்புவேன், பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முதலில் எதை யாருக்கு அனுப்பினேன் என்பதைத் துண்டுச் சீட்டுகளில்தான் குறித்தேன். ஒரே கம்பெனிக்கு இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். "தாங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளீர்கள்" என்று பதில் வந்தது. ஒரு ஸ்டோர் கீப்பருக்கு இதைவிட அசிங்கம் வேறில்லை.

ஆபீஸ் அலமாரியைக் குடைந்தபோது, ஒரு பக்கம்கூட எழுதாத லாட்ஜ் ரெஜிஸ்டர் ஒன்று கிடைத்தது. தங்க வருகிறவர்களைப் பற்றி எழுதும் நீளமான நோட்டு. புக்கிங் எல்லாம் இந்த வருடம் முதல் சேலத்தில் சித்தப்பா மகனுடைய கம்ப்யூட்டரில் நடப்பதால் இது யாருக்கும் வேண்டாத நோட்டு. கட்டங்களைப் பார்த்தேன். பெயர், எங்கிருந்து, வந்த காரணம், வந்த நாள், கையெழுத்து, அறை எண், வெளியேறிய நாள். எனக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது. பெயரில் கம்பெனியை எழுதினேன். எங்கிருந்து என்பதில் ஊரை. காரணத்தில் நான் கேட்கும் பதவியை. வந்த நாள் என்பது நான் அனுப்பிய நாள். இல்லை என்று பதில் வந்தால் அது வெளியேறிய நாள். அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்தையும் நானே போட்டேன்.

அறை எண் மட்டும் இடித்தது. வெறுமனே விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் ஸ்டோரில் இருந்தவனுக்குக் கட்டத்தைக் காலியாக விடக் கை வராது. எந்தச் சாமானும் எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதியாக வேண்டும், ஒரு தட்டில் இரண்டு சாமான் வைக்கக் கூடாது. அந்தப் புத்தியில் முதல் கம்பெனிக்கு ஒன்றாம் நம்பர் ரூம், இரண்டாவதற்கு இரண்டு என்று போட்டேன். அன்றைக்கு நான்கு கம்பெனிகள். எழுதி முடித்ததும் மனசு லேசானது. வேலை கிடைத்துவிட்ட மாதிரி ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். பனி கம்பிக் கதவு வழியாக உள்ளேயே வந்து படுத்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய ரூம்களின் கதவுக்கு முன்னால் ஆளுக்கொரு வாளி வெந்நீர். மேலே தட்டு மூடியிருந்தது. தட்டின் ஓரங்களிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

லாட்ஜில் என்னைத் தவிர இன்னொருவர் வேலையில் இருந்தார். செம்மநத்தத்திலிருந்து வரும் ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். விடிவதற்கு முன் வந்து பெருக்கி, பின்பக்கம் விறகு அடுப்பில் வெந்நீர் போட்டு, எனக்கான வாளியைப் பின்பக்கக் குளியலறையில் வைத்துவிட்டு, எட்டு மணிக்குள் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார். வேலையில்லாதவனுக்கு விடியற்காலை எதற்கு என்று நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வந்த மூன்று வாரத்தில் அவரை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருந்தேன். ரூம்களைக் கழுவத்தான் தண்ணீர் வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு வளைவிலிருந்து திரும்பியபோது நான்கு வாளிகளும் காலியாக இருந்தன. குரங்குகள் என்று நினைத்தேன். ஏற்காட்டில் எது காணாமல் போனாலும் பழி குரங்குக்குத்தான். ஆனால் வாளிகள் கவிழாமல் நின்றிருந்தன, தட்டுகள் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

அந்த வாரம் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு எழுதினேன். காலையில் ஆறு வாளிகள். அடுத்த நாள் இரண்டாம் நம்பர் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருங்காலத்தில் வாய்ப்பு வந்தால் நினைவில் கொள்வோம். இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுகிறவர்கள் யார், அவர்களுக்கு வீட்டில் சாப்பாடு போடுகிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வயிற்றெரிச்சலோடு வெளியேறிய நாளை எழுதினேன். மறுநாள் காலை ஐந்து வாளிகள்தான் இருந்தன. இரண்டாம் நம்பர் கதவுக்கு முன்னால் மட்டும் தரை வெறுமையாக இருந்தது. 

அடுத்த நாள் அலாரம் வைத்து ஐந்தரைக்கே எழுந்தேன். அந்த அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் மேஜை அருகே நின்றிருந்தார். என் ரெஜிஸ்டர் விரிந்து கிடந்தது. விரலை வைத்துக் கட்டங்களைக் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தத் தண்ணியெல்லாம் யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"தங்கியிருக்கறவங்களுக்குத்தானுங்க சார்."

"இங்க யாரு தங்கியிருக்காங்க?"

அவர் ரெஜிஸ்டரைக் காட்டினார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்பர் தெரியும். கடைசிக் கட்டத்துல ஒண்ணும் எழுதலைன்னா ஆள் உள்ள இருக்குது, எழுதியிருந்தாப் போயாச்சு. உங்க சித்தப்பா, பெரிய சாருதான் சொல்லிக் குடுத்ததுங்க. இருவது வருசமா இந்த மாதிரி நோட்டப் பாத்துத்தான் தண்ணி வெக்கறேன்."

"ஆளுங்களப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குங்க பாக்கோணும்? கதவத் தட்டி எழுப்பக் கூடாதுன்னு பெரிய சார் உத்தரவு. தண்ணிய வெச்சுட்டுப் போயிருவேன்."

"அப்பறம் அந்தத் தண்ணியக் கீழ கொட்டறது யாரு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கொட்டறதுங்களா? குளிக்கறாங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, இது என் வேலை தேடும் நோட்டு, உள்ளே ஒரு ஈ காக்கைகூட இல்லை என்று ஒரே வாக்கியம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். வேலை போனதிலிருந்து நான் எழுதிய எதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பதில் போடாத கம்பெனிகளை எல்லாம் உண்மையிலேயே வந்து தங்கியிருக்கிறவர்களாக நினைத்து, அவர்களுக்காக விறகு எரித்துத் தண்ணீர் சுட வைக்கிறவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆனாலும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் எட்டரை மணியிலிருந்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதே காலுக்கு அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐந்தாம் நம்பர் வாளி காலி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கதவின் பூட்டு நான் போட்டபடியே தொங்கியது. சாவியை எடுத்துத் திறந்து பார்த்தேன். விரிப்பு கசங்காத கட்டில், ஜன்னலில் பனி. குளியலறைக்குள் எட்டிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து வந்தபோது அந்த அம்மா சர்வ சாதாரணமாக ஒன்று சொன்னார். "நாலாம் நம்பர்காரர் போயிட்டாருங்க சார். நோட்டுல எழுதிருங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"கதவு முன்னால நின்னா தெரியுமுங்களே. ஆள் இருக்கற ரூம் வேற, இல்லாத ரூம் வேற."

நான் சிரித்தேன். பத்து மணிக்கு வளைவில் போய் நின்றபோது நாலாம் நம்பர் கம்பெனியின் பதில் வந்து கிடந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன், காலை ஒன்பது ஐம்பது. அந்த அம்மா என்னிடம் சொன்னது ஆறு மணிக்கு. தற்செயல் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றாம் நம்பருக்கும் அப்படியே நடந்தது. ஏழாம் நம்பருக்கும் நடந்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

பயந்தவன் அதோடு விட்டிருக்க வேண்டுமல்லவா? நான் அலாரத்தை நிரந்தரமாக ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் பெருக்கி முடிக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு கதவையும் கடந்து வரும்போது அவர் முகத்தையே பார்ப்பேன். குறிப்பாக ஒன்பதாம் நம்பர். அது கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி. ஸ்டோர் இன்சார்ஜ் வேலை, குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் உண்டு. முதல் சுற்றில் போனில் பேசினார்கள், திருப்தியாகப் பேசினார்கள். அது மட்டும் கிடைத்தால் தீபாவளிக்கு முன்னால் மூன்று பேரும் ஒரே வீட்டில். மனைவியிடம் குவார்ட்டர்ஸ் பற்றிச் சொன்னபோது, "சமையல்கட்டுல ஜன்னல் இருக்குதாமுங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது.

"ஒம்பது இருக்குதுங்களா அம்மா?" என்று தினமும் கேட்பேன்.

"இருக்குதுங்க. ராத்திரியெல்லாம் இருமியிருப்பாரு போல" என்பார்.

அந்தப் பதில் கிடைத்துவிட்டால் நாள் முழுக்க எனக்குப் பசியெடுக்கும். கிடைக்கச் சற்றுத் தாமதமானால் சோறு இறங்காது. அவர் போனபிறகு நானும் ஒன்பதாம் நம்பர் கதவில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் சில நாட்கள் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. இருமல் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கப் போகிறவர் செய்வாரே, அந்தச் சத்தம். பேச்சு மட்டும் வரவேயில்லை. எனக்கும் அந்தக் கதவைத் திறக்கத் தோன்றவில்லை. திறந்து, உள்ளே யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

புரட்டாசி பாதியில் பத்து ரூமும் நிரம்பிவிட்டன. காலியான இடங்களில் புதிய கம்பெனிகள் வந்தன. பழையவர்கள் சிலர் பதிலும் சொல்லாமல் வெளியேறவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதமாகப் பதில் இல்லாதவர்களை நானே காலி செய்திருக்கலாம். அந்த அம்மா "இருக்குதுங்க" என்று சொல்லும்போது எப்படிக் காலி செய்வது? ஒரு ரூமில் இரண்டு பேரைப் போடவும் என் புத்தி இடம் கொடுக்கவில்லை. ஆகையால் விண்ணப்பம் அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. வேலை தேட வந்தவன், ரூம் இல்லை என்று வேலை தேடாமல் இருந்தான்.

அப்போது பெருந்துறையில் ஒரு நல்ல வேலை விளம்பரத்தில் வந்தது. மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு தவித்தேன். ஆபீஸுக்குப் பக்கத்தில் நான் படுக்கிற சின்ன ரூமின் கதவில் பதினொன்று என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். நாலாம் நாள், விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ரெஜிஸ்டரில் அறை எண் பதினொன்று என்று போட்டேன்.

மறுநாள் பின்பக்கக் குளியலறையில் எனக்கான வாளி வழக்கம்போல இருந்தது. என் அறைக் கதவுக்கு முன்னால் இன்னொரு வாளியும் இருந்தது. அதை நான் தொடவில்லை. தாண்டித் தாண்டிப் போய்வந்தேன். பத்து மணிக்கு அது காலியாக இருந்தது. அன்றிரவு முதல் கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிப் படுக்கப் பழகிக்கொண்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பம்பு கம்பெனியில் இரண்டாம் சுற்றுக்கு நாள் குறித்தார்கள். ஒரு சனிக்கிழமை, மாலை நாலிலிருந்து ஆறுக்குள் மேனேஜர் போன் செய்வார் என்று தகவல் வந்தது. அன்று காலையில் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒம்பது இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. கெளம்பற மாதிரியும் தெரியுது, இருக்கற மாதிரியும் தெரியுது."

அவரை மாலையிலும் வரச் சொன்னேன். நான் வளைவில் நிற்கும்போது லாட்ஜில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான்.

மூன்றரைக்கே வளைவுக்குப் போய்விட்டேன். பனி இறங்கியிருந்தது. சேலம் தெரியவில்லை, எதிரே மிளகுக்கொடி ஏறிய மரம்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தது. போனில் மட்டும் இரண்டு கோடு சிக்னல். நாலே காலுக்கு போன் அடித்தது. மனைவி. கட் செய்தேன். இந்த நேரத்தில் லைன் பிஸியாக இருந்து மேனேஜர் கூப்பிட்டால் என்ன ஆவது? ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தாள். மறுபடி கட் செய்தேன். இவளுக்கு நேரம் காலமே தெரியாது என்று வாய்விட்டுத் திட்டினேன். அதன்பிறகு போன் அடிக்கவில்லை. ஐந்து ஆனது, ஆறு ஆனது. மேலும் அரை மணி நேரம் நின்றேன். கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

இருட்டும் நேரத்தில் லாட்ஜுக்குத் திரும்பினேன். அந்த அம்மா ஆபீஸ் மேஜையருகே நின்றிருந்தார். மேஜைமேல் ஒரு துணிப்பை.

"உங்க ஊட்டம்மாவும் பாப்பாவும் வந்திருந்தாங்க சார்" என்றார். "பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் போன் பண்ணுனாங்களாம். நீங்க எடுக்கலைன்னு ஆட்டோ புடிச்சு வந்துட்டாங்க. பாப்பாவுக்கு நாளைக்கு லீவு, ஒரு நாள் தங்கிட்டுப் போலாம்னு வந்தாங்களாம்."

"எங்க அவங்க?"

"போயிட்டாங்க. ரூம் கேட்டாங்க. நோட்டப் பாத்தேன், பத்தும் ஆளு. உங்க ரூம்லயே இருக்கறோம்னாங்க. அதுலயும் ஆளு இருக்குதுங்களேன்னு சொன்னேன். நீங்க வெளியே போயிருக்கறீங்கன்னும் சொன்னேன், உக்காருங்க வந்துருவாருன்னேன். காப்பி வெச்சுக் குடுத்தேனுங்க, பாப்பா குடிச்சுது. ஊட்டம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, உங்க ரூம் கதவத் தட்டுனாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்பறம் பாப்பாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் போனாங்க?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் அடுப்படியில இருந்தேன்."

பைக்குள் புது ஸ்வெட்டர் ஒன்றும், ஒரு டப்பாவில் முறுக்கும் இருந்தன. என் அறைக்குப் போனேன். கதவோடு பதித்த பூட்டு நான் சாவி போட்டுப் பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். கட்டில், போர்வை, கொடியில் என் சட்டை. யாரும் இல்லை. ஆனால் போர்வை கட்டிலின் நடுவில் கிடந்தது. நான் சுவரோரம் படுக்கிறவன். வளைவுக்கு ஓடினேன். மனைவியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தேன். காலையில் அந்த அம்மா வந்தபோது ஒன்பது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாவிக் கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குள் நடந்து முதல் பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வரவை எழுதும் நோட்டு, வெந்நீர், அந்த அம்மாவின் பழக்கம், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால் சிரித்துவிடுவாள் என்று நம்பினேன்.

மாமனார் வீட்டில் அவள் மகளின் பள்ளிக்கூடச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சிரிக்கவில்லை.

"அந்தம்மா மேல தப்பில்லீங்க. நொம்ப நல்ல மனுசி" என்றாள். "அவங்க ரூம் இல்லேன்னு சொன்னதுக்கு நான் திரும்பி வரல. நீங்க சொன்னதுக்குத்தான் திரும்பி வந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"உள்ள இருந்துகிட்டே சொன்னீங்களே. கதவத் தட்டுனேன். பாப்பா வந்திருக்கா, தொறங்கன்னேன். 'கொஞ்சம் இரு, ஒரு போன் வரணும்'னீங்க."

"அது நானில்ல" என்றேன்.

"மூணு மாசமா தெனமும் போன்ல அதத்தானே சொல்றீங்க. எனக்குத் தெரியாதுங்களா உங்க கொரலு?" அவள் சத்தம் போடவில்லை. "பாப்பாவக் கேளுங்க."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா கொரல்தான்" என்றாள். "ரெண்டு தடவ சொன்னீங்க."

போனை எடுத்துக் காட்டினேன். நாலே காலுக்கு அவளுடைய அழைப்பு, அதைக் கட் செய்தது, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று, அதையும் கட் செய்தது. லாட்ஜில் சிக்னல் கிடையாது, கட் செய்ய வேண்டுமென்றால்கூட நான் வளைவில்தான் நின்றிருக்க வேண்டும், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே என்னத்தைச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"சத்தியமா நான் அந்த ரூம்ல இல்ல" என்றேன்.

அவள் மடித்த சீருடையைப் பக்கத்தில் வைத்தாள். "சரிங்க. இல்லைன்னே வெச்சுக்கறேன். நம்பறேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். உள்ள இருந்திருந்தா, கதவத் தொறந்திருப்பீங்களா?"

திறந்திருப்பேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.